தேர்தல் பதாகையில் தைத்த பாய்

ஞாயிறு இரவு.

தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து, வழக்கம்போல் தேநீர்க்கடையில் பத்திரிகையை உரக்க வாசித்தேன். மனைவியின் ரோசாநிறக் கண்ணாடியை மாறிப் போட்டு வந்தது அங்கேதான் தெரிந்தது. எங்கோ சண்டை, மண்ணெண்ணெய் விலை இன்னும் ஏறும் என்று நான் வாசிக்க, கடையே என் மூக்கைப் பார்த்துச் சிரித்தது.

அந்த நேரம் பார்த்து, என்னோடு கடலுக்கு வரும் சூசை தன் கண்டுபிடிப்பை விரித்தான். வள்ள இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க, பழைய தேர்தல் பதாகைகளை இணைத்துத் தைத்த, காற்றில் வள்ளத்தை ஓட்டும் பாய். அரசியல்வாதிகள் நாலு பேர் அதில் பல்லைக் காட்டினார்கள்.

“இது வள்ளத்தை இழுக்குமோ?” என்றார் மீனவர் சங்கத் தலைவர். “இழுத்தால் எல்லாருக்கும் தைக்கச் சொல்லலாம்.”

“மச்சான், நீ சொல்லு,” என்று சூசை என்னைப் பார்த்தான்.

சிரிப்பு என்னை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

“வாக்குப் போட்ட எங்களையே கரை சேர்க்காத ஆக்கள், உன்ர வள்ளத்தையோ இழுக்கப் போகினம்?”

கடை குலுங்கியது. தலைவரும் சிரித்தபடி எழும்பிப் போய்விட்டார். சூசை பாயைச் சுருட்டினான்.

“நல்ல கதை, மச்சான்,” என்றான். தேநீரைக் குடிக்காமலே போனான்.

போன வியாழக்கிழமை நிலாவெளியிலிருந்து சல்லிக் கரை வரை, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பாயில்தான் நானும் சூசையும் வந்தோம். அதைத் தலைவரிடம் நான் சொல்லவில்லை.