நாலாவது ஃபவுல்

திருப்பதி
18-11-1946

தியோடருக்கு யதிராஜன் எழுதுவது. இவ்விடம் க்ஷேமம். உன் க்ஷேமத்தை உன் விசில் பார்த்துக்கொள்ளும்.

சனிக்கிழமை சித்தூரில் நீ நடுவராக நின்று நடத்தியதைக் கூடைப்பந்து என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். நாற்பது நிமிஷ ஆட்டத்தில் ஐம்பத்திரண்டு விசில். எண்ணினேன், எனக்கு வேறு வேலை வைக்கவில்லை நீ. தோள் உரசினால் ஃபவுல், கை பட்டால் ஃபவுல். எங்கள் வஸுமதி அத்தை மடியாக இருக்கும்போதுகூட இத்தனை தடவை "தொடாதே" என்று கத்தமாட்டாள். இந்த வருஷம் சட்டத்தைக் கடுமையாகப் பார்க்கச் சொல்லி சர்க்குலர் வந்தது, வாஸ்தவம். அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடுகிறவன் ஜில்லாவிலேயே நீ ஒருவன்தான்.

எங்கள் காலேஜின் முதல் ஆட்டக்காரன் கோவர்த்தனனுக்கு, கோட்டைத் தாண்டினான் என்று நாலாவது ஃபவுல் போட்டு வெளியே அனுப்பினாய். இரண்டு பாயிண்டில் தோற்றோம். அவன் ஏன் கோட்டைத் தாண்டிப் போனான் என்று யோசித்தாயா? மெட்ராஸில் ஒரே அறையில் இருந்து டிரில் மாஸ்டர் பரீட்சை எழுதினோம். மூளையை அங்கேயே விட்டுவிட்டு வந்தாய் போலிருக்கிறது.

யதிராஜன்

சித்தூர்
21-11-1946

கர்த்தருக்குள் பிரியமான யதிராஜனுக்கு,

பிரியம் கர்த்தருக்காக மட்டுமே என்று அறியவும்.

உன் பிள்ளைகள் ஆடுவது ஒரு ஆட்டமா? கருட சேவைக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்னால் போகிற பழக்கத்தை மைதானத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். முழங்கையைத் தவிர நீ அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தாய்?

கோவர்த்தனன் அனுமதி கேட்காமல் ஆட்டத்தின் நடுவே கோட்டைத் தாண்டினான். எதிரே போய் நின்று, எங்கே போகிறாய் என்று மூன்று தடவை கேட்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உதட்டை இறுக்கிக்கொண்டு போய்விட்டான். மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் பையன்களை மேய்த்தவன் நான், இப்படி ஒரு திமிரைப் பார்த்ததில்லை. நடுவரை அவமதித்தான் என்று கமிட்டிக்கு ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். இனி ஒரு வருஷம் அவன் எங்கும் ஆடமுடியாது. டிசம்பர் ஏழாம் தேதி மெட்ராஸில் மாகாண அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்கும் போகமுடியாது.

என் மனைவி யூனிஸ் உன் மனைவி ஸத்யபாமாவை விசாரித்தாள். அந்த அம்மாள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தியோடர்

திருப்பதி
24-11-1946

தியோடருக்கு,

திமிரா? உங்கள் ஊர் அணியில் ஆடின சின்னசாமி பின்னாலிருந்து பனியனைப் பிடித்து இழுத்தான். கோவர்த்தனனின் பூணூல் அறுந்துபோயிற்று. அறுந்தால் புதுசு போட்டுக்கொள்ளும் வரை எங்கள் வீடுகளில் பேசமாட்டோம். அவன் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு வெளியே போனான், நீ வழிமறித்துக்கொண்டு அதட்டினாய். புதுசு போட்டுக்கொண்டு வந்து, நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தான். வெளியேற்றப்பட்டவன் நடுவரோடு பேசக்கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம் சொல்லி விரட்டினாய்.

சுண்டுவிரல் பட்டதையெல்லாம் பார்த்த மகராசன், முரட்டுத்தனமாக இழுத்த கையைப் பார்க்கவில்லை. இதுதான் நீ பாஸ் பண்ணின நடுவர் பரீட்சையின் லட்சணம். பையனுக்குப் பத்தொன்பது வயது. அவனுக்கு இந்த மாகாண அணியை விட்டால் வேறு கனவு கிடையாது. ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கு.

யதிராஜன்

சித்தூர்
28-11-1946

யதிராஜனுக்கு,

சின்னசாமியைக் கூப்பிட்டு விசாரித்தேன். "சார், பனியனத்தான் புடிச்சி இழுத்தேன், கயிறும் கூட வந்துச்சி. நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்தீங்க" என்றான். என்னைப்போல ஒரு முட்டாள் நடுவர் இந்த ஜில்லாவுக்கு வேண்டாம். தப்பு முழுக்க என்னுடையது என்று கமிட்டிக்குத் தந்தி கொடுத்தேன். ரிப்போர்ட் ரத்தாகிவிட்டது, பையனை மெட்ராஸுக்கு அனுப்பு. என் விசிலையும் அவர்களுக்கே அனுப்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் அவனை மூன்று தடவை கேட்டபோது நீ பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். எனக்குத்தான் உங்கள் வழக்கம் தெரியாது. உனக்குத் தெரியாதா? எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பயிற்சி கொடுப்பவன் நடுவரிடம் பேசினால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ என்பது புதுச் சட்டம். அப்போது ஸ்கோர் சமமாக இருந்தது. அந்த ஒரு பாயிண்டுக்காகவா வாயை மூடிக்கொண்டிருந்தாய்? அப்புறம் முதல் கடிதத்தில் என் மூளையை விசாரிக்கிறாய். தூ.

தியோடர்

திருப்பதி
10-12-1946

தியோடருக்கு,

ஆமாம், அந்த ஒரு பாயிண்டுக்காகத்தான்.

ரிப்போர்ட் ரத்தான சந்தோஷத்தில் உன் கடிதத்தை அப்படியே கோவர்த்தனன் கையில் கொடுத்துவிட்டேன். கடைசிப் பாராவை நானே சரியாகப் படித்திருக்கவில்லை. அவன் நின்று நிதானமாகப் படித்தான், மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

மெட்ராஸில் அவனை எடுத்துக்கொண்டார்கள். நேற்றுத் திரும்பி வந்து பிரின்ஸிபாலிடம் சொன்னானாம், பியூன் பச்சையப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மத்தியானம் மைதானத்தில் எதிரே வந்தான். சந்தோஷம்டா, உன் ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்டேன். உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான்.

அவன் புதுப் பூணூல் போட்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது.

யதிராஜன்