இவர் பெயர் ஒட்டிய போத்தல்

ஜூலை 6, திங்கள்

விடியும்போதே புழுக்கம். மலை தெரியவில்லை, மேகம். அரை நாள் லீவு. முடிக்க வேண்டியவை: மீன், கேஸ், இவருடைய போத்தல்.

போன மாதம் இவர் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி தேவி கொடுத்து அனுப்பிய போத்தல். ஐம்பது தாண்டியவர்களுக்கு, உடம்பு நன்றாக இருந்தாலும் கொடுக்கிறார்கள். மலத்தில் குச்சியால் துளி எடுத்துப் போட்டுக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குடல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கிற டெஸ்ட். இவருக்கு 56. எனக்கு 48, அதனால் எனக்குத் தரவில்லை.

ஸ்கூல் வேன் ஓட்டுகிற மனுஷன். பிள்ளைகள் வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காமல் துடைப்பார். இதற்கு மட்டும், "சீ, அதையெல்லாம் யாரு கிண்டிக்கிட்டு இருப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல லா." மூன்று வாரமாகப் போத்தல் பாத்ரூம் ஜன்னலில். மிஸ்ஸி எனக்குத்தான் போன் போடுகிறாள். "அக்கா, அண்ணனோட போத்தல் இன்னும் வரல லா."

இவருடைய ரோட் டாக்ஸ், பல் டாக்டர், மூக்குக் கண்ணாடி, எல்லாம் நான்தான் பார்ப்பது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் இன்று இதையும் செய்துவிட்டேன். என்னுடையதை எடுத்துப் போட்டு, இவர் பெயர், அடையாள அட்டை ஐசி நம்பர் எழுதி, எட்டு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. ஒரு தொல்லை விட்டது.

கெம்போங் மீன் புதுசு. குழம்பு வைத்தேன்.

ஜூலை 7, செவ்வாய்

மதியம் பிரேக்கில் மிஸ்ஸி போன். "அக்கா, அண்ணனுக்குப் பாசிட்டிவ் காட்டுது. பயப்பட வேணாம். வியாழக்கிழமை டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

அப்புறம் ஃபேக்டரி லைனில் போய் உட்கார்ந்தேன். வேலை ஓடவில்லை.

எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. தைப்பூசத்திலிருந்து எனக்கு அப்பப்போ இரத்தம் வருகிறது. மூலம் என்று நினைத்துக்கொண்டேன். மருந்துக் கடையில் களிம்பு வாங்கினேன். ஃபேக்டரியில் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் தலைமுடி அளவு கீறலைத் தேடிப் பிடிக்கிறவள் நான்.

நேற்றுக் கண்ணில் எதுவும் படவில்லை. அதனால்தான் துணிந்தேன். இல்லை, அதுவும் பொய்யாக இருக்கலாம். தெரிந்துதான் செய்தேனா? முடிவை இவர் பெயரில் கேட்டால் பயமில்லை என்று?

அப்பாவும் மூலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆஸ்பத்திரிக்குப் போனபோது குடல் புற்று கல்லீரல் வரைக்கும் போயிருந்தது.

ஜூலை 8, புதன்

இவர் நேற்றிலிருந்து வேறு மனுஷன். சிகரெட் பாக்கெட் குப்பையில். பாத்திரம் கழுவினார். துணி மடித்தார், கோணல்மாணலாக. பாலிக் புலாவ் வரைக்கும் போய் டுரியான் வாங்கி வந்து, நல்ல சுளையெல்லாம் என் பக்கம் தள்ளினார். இன்சூரன்ஸ் ஃபைல் எங்கே இருக்கிறது என்று எனக்கே காட்டினார். அதை அங்கே வைத்ததே நான்.

ஜொகூரில் இருக்கிற மகளுக்கு இப்போது சொல்ல வேண்டாமாம்.

படுக்கப் போகும் முன் சொல்லிவிட வாய் திறந்தேன். "பயப்படாத ராஜி. நான் அவ்வளவு சீக்கிரம் போக மாட்டேன்" என்று தலையைத் தடவினார். எத்தனை வருஷமாயிற்று அப்படித் தடவி. எனக்கு அந்தக் கை வேண்டியிருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். திருட்டுத்தான். அவருடைய பயத்தை வைத்து நான் ஆறுதல் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 9, வியாழன்

கிளினிக். டாக்டர் சின்னப் பெண், சீனப் பிள்ளை. மலாயில் நிதானமாகச் சொன்னாள். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மூலமாக இருக்கலாம், புண்ணாக இருக்கலாம், குடலில் சின்னச் சதை வளர்ந்திருக்கலாம். அந்தச் சதையைச் சும்மா விட்டால் சில வருஷத்தில் சிலது புற்றாக மாறும், இப்போதே எடுத்துவிட்டால் மாறாது. கேமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இரத்தம் பார்த்தீர்களா? இல்லை. எடை குறைந்ததா? இல்லை. குடும்பத்தில் யாருக்காவது? இல்லை. இவர் ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார். கை என் கையைப் பிடித்திருந்தது, வேர்த்துப்போய். டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள்.

"டாக்டர், அது என்னோடது" என்றேன்.

இவருக்குப் புரியவே இல்லை. "என்ன உன்னோடது?"

சொன்னேன். எல்லாம். தைப்பூசத்திலிருந்து, களிம்பு, அப்பா. டாக்டர் எழுதிய தாளைக் கிழித்தாள். கொஞ்சம் திட்டினாள், நியாயம்தான். இரத்தம் கண்ணில் பட்டால் இந்த டெஸ்டுக்கே காத்திருக்கக் கூடாதாம், வயது எதுவானாலும் நேரே வர வேண்டுமாம். அப்பாவுக்கு இருந்ததால் எனக்கும் என் அண்ணனுக்கும் ஆபத்து அதிகமாம். பிறகு என் பெயரில் எழுதினாள்.

வேனில் ஏறியதும் இவர் வண்டியை எடுக்கவில்லை. முதலில் சிரித்தார். "அடிப்பாவி, ரெண்டு நாளா நான் செத்துப் பொழைச்சேன்." அப்புறம் சிரிப்பு நின்றது. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "ஆறு மாசமா, ராஜி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

பிறகு வண்டியை எடுத்தார். எங்கள் ஆயர் ஈத்தாம் வரும்வரை அழுதோம், இவர் ரோட்டைப் பார்த்து, நான் ஜன்னலைப் பார்த்து. வீட்டுக்கு வந்ததும் குப்பையில் சிகரெட்டைத் தேடுவார் என்று நினைத்தேன். தேடவில்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

மழை. நாளைக்குக் கேமரா. இரண்டு நாளாகக் காய் இல்லை, பழம் இல்லை, விதை இல்லை. இவர் வைத்த வெள்ளைக் கஞ்சி, பசை மாதிரி. இன்று குடல் கழுவுகிற மருந்துத் தண்ணீர், உப்பும் இனிப்புமாக. எத்தனை தடவை பாத்ரூம் என்று எண்ணுவதை விட்டாயிற்று. இவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டுகிறார். போகச் சொன்னாலும் போவதில்லை.

"இனி எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லணும்."

"இதையுமா?"

"இதையும்தான்."

ஆகஸ்ட் 5, புதன்

ஊசி போட்டதும் தூக்கம், எதுவும் தெரியவில்லை. எழுந்தபோது இவர் முகம். சின்னச் சதை இரண்டை அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்னொன்று பெரியது, கச்சான் கடலையைவிடப் பெரியது. அதில் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வாரம் ஆகுமாம். நடுவில் ஒரு ஸ்கேன்.

பசி. ஆஸ்பத்திரிக் கடையில் ரொட்டி சானாய் இரண்டு. இவர் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார். வெட்கமாக இருந்தது. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 19, புதன்

புற்றுதான்.

எழுதியாயிற்று.

சர்ஜன் படம் வரைந்து காட்டினார். ஆரம்பக் கட்டம். ஸ்கேனில் கல்லீரல், நுரையீரல் சுத்தம். குடலில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி இணைப்பார்கள். பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துச் சோதிப்பார்கள், அதைப் பார்த்த பிறகுதான் கீமோ மருந்து வேண்டுமா என்று முடிவு. செப்டம்பர் 3 ஆபரேஷன்.

இவர் சின்ன நோட்டில் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தார். மலம் போக வயிற்றில் பை மாட்டுவார்களா? (பெரும்பாலும் வேண்டியிருக்காது.) எப்போது நடக்கலாம்? (மறுநாளே.) காரம் சாப்பிடலாமா? (பிறகு, மெதுவாக.) கடைசிக் கேள்வியை வாசிக்காமல் நோட்டை மூடினார். வீட்டில் எடுத்துப் பார்த்தேன். "நல்லாயிடுவாளா?"

புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிற என் அண்ணனுக்குப் போன் செய்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல லா" என்றான். இவர் போனைப் பிடுங்கி, "மச்சான், நானும் அப்படித்தான் சொன்னேன். நாளைக்கே போங்க" என்றார். மகளிடமும் சொல்லியாயிற்று. சனிக்கிழமை பஸ் ஏறுகிறாள்.

பயமாக இருக்கிறது. இதை இவரிடமும் சொன்னேன். தலையைத் தடவினார். இந்த முறை அது எனக்கே எனக்கு.

ஆகஸ்ட் 20, வியாழன்

வெயில். ஐந்தரைக்கே இவர் பாத்ரூமில், வெகுநேரம். வயிறு சரியில்லையோ என்று கதவைத் தட்டினேன். "இரு லா, வரேன்."

வந்தார். கையில் புதுப் போத்தல், பிளாஸ்டிக் உறையில். மிஸ்ஸியிடம் எப்போது போய் வாங்கினாரோ. பெயர், ஐசி நம்பர், தேதி, எல்லாம் இவருடைய கோழிக் கிறுக்கல் எழுத்து. கை நீட்டினேன், பழக்கம்தானே. கொடுக்கவில்லை.

"இது என்னோடது, ராஜி. பிள்ளைங்கள எறக்கிட்டு நானே கொண்டு போய்க் குடுத்துக்கிறேன். நீ டீயக் குடி."