உல்லாஸ்நகரில் விழுந்த படங்கள்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
மும்பை.

அன்பு மகள் இசக்கிசெல்விக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை நகுலும் சுகமாக இருக்க வேண்டும். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று பெரிது பெரிதாக எழுதுகிறேன். பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கும்போது படி.

அப்பா நம்மை விட்டுப் போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். ஆண்டாப் ஹில்லில் வேலையாக நின்றவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது நான்தான். வேறு யாரையும் குறை சொல்லாதே.

கடைசியாக அவர் சாக்கடை சர்வேக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படமும் எந்த இடம் என்று காட்ட வேண்டுமாம். அவருடைய பழைய கேமராவில் அது பதியாது. சட்டைப் பையில் இருக்கும் போன்தான் அவர் போகிற வழியையெல்லாம் குறித்துக்கொள்ளும். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டின் நேரத்தையும் பொருத்தினால் படத்தில் இடம் ஏறிவிடும்.

மிச்சப் படங்களை முடித்துக் கொடுக்க, கூட வேலை பார்த்த ஃபர்ஸானா வந்தாள். கேமரா கடிகாரம் நாலு நிமிடம் முந்தி ஓடியதாம், சரிசெய்தாள். தாராவி, ஆண்டாப் ஹில் என்று படங்கள் மேப்பில் வந்து விழுந்தன. பதினோரு படம் மட்டும் உல்லாஸ்நகரில் விழுந்தது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எடுத்தவை. "அங்க நமக்கு வேலையே இல்லையே ஆன்ட்டி" என்றாள். சர்வே என்று சொல்லித்தான் போவார். நானும் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தேன்.

பச்சைக் கம்பி போட்ட பால்கனி. ஒரு படத்தில் நீ தலை துவட்டிக்கொண்டு நிற்கிறாய். கடைசிப் படத்தில் கொடியில் கைக்குழந்தைச் சட்டை மூன்று காய்கிறது. எனக்கு அப்போதுதான் தெரியும்.

மேப்பில் புள்ளி விழுவது படம் எடுத்தவர் நின்ற இடத்தில். பதினோரு புள்ளியும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். ஒன்றுகூட உன் பக்கம் வரவில்லை. நீ மாப்பிள்ளையோடு வீட்டை விட்டுப் போன அன்று, உன் வாசலை மிதிப்பதில்லை என்று அப்பாவை என் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தேன். "சரி ராணி, மிதிக்கல. உன் கோவம் ஆறட்டும்" என்றார். அவருக்குத்தான் உன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று உனக்குச் சொல்லியனுப்பினேனே, அது பொய், செல்வி. பிடிவாதம் என்னுடையது.

மேப்பைப் பார்த்துத்தான் முகவரி எழுதினேன். வீட்டு நம்பர் தெரியாமல் இரண்டாவது மாடி, பச்சைக் கம்பி என்று போட்டிருக்கிறேன். படங்களையும் பிரின்ட் எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

என்னைத் திட்டுவதானால் திட்டு. வரச் சொன்னால் வருகிறேன். வேண்டாமென்றால் குழந்தையின் பெயரை மட்டுமாவது எழுது. பெயர் தெரியாமலே தினமும் அதற்குத் திருநீறு எடுத்து வைக்கிறேன். அது நல்லா இருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
விஜயராணி