அரை ஏக்கர் தக்காளியும் ஒரு கையெழுத்தும்

ஜனவரி 8
அண்ணன் மறுபடியும் வந்தான். குடோன் கட்டுகிறவர் எங்கள் ஒரு ஏக்கரையும் வாடகைக்குக் கேட்கிறாராம். நிலம் இருவர் பேரிலும் இருப்பதால் என் கையெழுத்தும் வேண்டும். ஒரு போகம் பொறு, அவர் தரும் வருட வாடகையைவிடக் கூடுதலாக எடுத்துக் காட்டுகிறேன், முடியாவிட்டால் பேசாமல் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். சிரித்தான். சிரிக்கட்டும்.

ஜனவரி 15
அரை ஏக்கரில் மட்டும் தக்காளி நாற்று நட்டேன். கிணறு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் மோட்டாருக்குத் தாங்கும். அந்தத் தண்ணீருக்கு இவ்வளவுதான். மீதி நிலத்தை ஏன் பட்டினி போடுகிறாய் என்று பக்கத்துத் தோட்டக்காரர் கிண்டல். அவர் இருப்பதில் எல்லாம் நட்டிருக்கிறார்.

பிப்ரவரி 20
பக்கத்துத் தோட்டம் வாடுகிறது. என் செடிகள் தளதளவென்று நிற்கின்றன. பெருமையாகத்தான் இருக்கிறது, இருந்தால் என்ன?

மார்ச் 27
ஐயோ! பழம் கெட்டியாக வரட்டும் என்று நான்கு நாளாகத் தண்ணீரைக் குறைத்திருந்தேன். நேற்று நான் வெளியே போன நேரம் கரண்ட் வந்திருக்கிறது. கரண்ட் வந்தால் என் வீட்டுக்காரர் கை தானாக மோட்டார் சுவிட்சுக்குப் போய்விடும். கிணறு காலியாகும்வரை ஓடவிட்டிருக்கிறார். காய்ந்த செடி ஒரேயடியாகத் தண்ணீர் குடித்ததில், காலையில் பார்த்தால் பழுத்ததெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. "பாவம், காயுதேன்னு விட்டேன்" என்கிறார். கட்டிய புருஷன் என்றும் பார்க்காமல் வாயில் வந்தபடி திட்டினேன்.

மார்ச் 28
இவருக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

மார்ச் 29
வெடித்த பழத்தை எல்லாம் இவரே பறித்து, சாஸ் காய்ச்சுகிற இடத்தில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். செடியில் இன்னும் காய் இருக்கிறது. விடமாட்டேன்.

மே 6
கடைசிப் பறிப்பும் முடிந்தது. அக்கம்பக்கத்தில் விளைச்சல் இல்லாததால் நல்ல விலை. செலவு போக, வருட வாடகையைத் தாண்டிவிட்டேன்! அண்ணன் என் கணக்கு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"களை எடுத்தவங்களுக்குக் கூலி எழுதியிருக்க. உன் கூலி எங்கம்மா?"

எழுதவே இல்லை. இத்தனை நாள் குனிந்து நிமிர்ந்தவளை நானே ஆளாக எண்ணவில்லையே!

மே 7
எழுதினேன், எனக்கும் இவருக்கும். இப்போது வாடகையைவிடக் கொஞ்சம் குறைகிறது. சொன்னது சொன்னதுதான். பேனாவோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். நோட்டை வாங்கிக் கணக்கைக் கூட்டிப் பார்த்தான்.

"குடோன்காரர் குடுக்குறது ஒரு ஏக்கருக்கு. நீ எடுத்தது அரை ஏக்கர்ல, அதுவும் ஒரே போகத்துல."

சும்மா கிடந்த பாதிக்கு மட்டும் வாடகைப் பத்திரத்தை மாற்றி எழுதச் சொல்லிவிட்டான். அதில் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கிணறு என் பாதியில் இருக்கிறது.