போயிட்டு வரேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

என் அறைத்தோழர், சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவர், அகதி மனு போட்டிருந்தார். “கிளம்பும்போது அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?” என்று அதிகாரி கேட்டாராம். “போயிட்டு வரேன்னு சொன்னேன்” என்றிருக்கிறார். திரும்பிப் போகும் எண்ணம் இருந்திருக்கிறது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

எங்கள் உரிமைச் சங்கம் மேல்முறையீடு செய்கிறது. நான் தொண்டை வறள மொழிபெயர்த்தும் வக்கீலம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. உயிருக்குப் பயந்து ஓடுகிறவனும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டான் என்று நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்தும் நாளாகிறது.

அடுத்த வாரம் என் அகதி மனுவுக்கும் விசாரணை. கிளம்பிய அன்று நான் ‘போறேன்’ என்றதும் தலையில் குட்டி, “போயிட்டு வரேன்னு சொல்லுடா” என்றீர்களே. வேலை மணி அடிக்கிறது. முதலில் சொன்னதைத்தான் அங்கே சொல்லப்போகிறேன், கோபிக்காதீர்கள்.

உங்கள் மகன்