ஆளில்லாத கடற்கரைக்கு ஒரு சட்டை

என் வாயாடி மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம், உங்கப்பாவின் முதுகைத் தவிர. அது என்றைக்காவது வலிக்கவில்லை என்று சொன்னால்தான் நான் பயப்பட வேண்டும். அங்கே நீயும், குளிர்க்கிடங்கில் நீ ஓட்டுகிற பெட்டி தூக்கும் வண்டியும் எதன் மீதும் மோதாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உங்கப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, கண்ணை டிவியிலும் காதை என் மேலும் வைத்திருப்பார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். அதனால் கடையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, யாரும் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு வராத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். உலகத்தில் எல்லோரும் தங்கள் கால் நீளம் என்று நினைத்துத்தான் பேண்ட் வாங்குகிறார்கள், பிறகு என்னிடம் வந்து உண்மையைத் தெரிந்துகொள்கிறார்கள். தாளில் நூல் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். லீவுக்கு வரும்போது மூன்று பேரும் இங்கே போகிறோம், ரூம் போட்டுவிட்டேன், ஆள் நடமாட்டமே இல்லாத கடற்கரை, மணலில் ஒரு காலடிகூட இல்லை பாரும்மா என்று குதித்தாயே, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடியே, அது நம் ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த மணல்தான். வேலி போட்டு, ஒரு புதுப் பெயரை மாட்டி, வானத்தில் இருந்து படம் எடுத்துப் போட்டால் உனக்கு எப்படித் தெரியும்? நீ கைக்குழந்தையாக இருந்தபோது நம் தெருவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்கிற இடம் அது, நீயும் அங்கே உன் பங்கைச் செலுத்தியவள்தான். மனிதக் கை படாத மணல் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். கை படாதது உண்மைதான், வேறு என்னவெல்லாம் பட்டது என்று என்னைக் கேட்கச் சொல். காலடி இல்லாதது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கூல் பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு ஹோட்டலில் வண்டி ஓட்டுகிறேன் என்று உங்கப்பா உன்னிடம் சொன்னார் இல்லையா, அந்த ஹோட்டல் இதுதான், அந்த வண்டி டிராக்டர். அதன் பின்னால் பெரிய சீப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, விருந்தாளிகள் கண் விழிப்பதற்குள் மணலைச் சீவிவிட வேண்டும். பாட்டில், பாசி, ஒற்றைச் செருப்பு, யாரோ கட்டிய மணல் வீடு எல்லாம் போக வேண்டும். டயர் தடம் தெரியாமல் இருக்க அலை தொடுகிற ஓரமாகவே வண்டியைத் திருப்பிக்கொண்டு வர வேண்டும். கடைசியில் வண்டியை ஓரத்துக் கொட்டகையில் விட்டு இறங்கி, துடைப்பத்தை எடுத்து, தன் காலடியைத் தானே பெருக்கிக்கொண்டே பின்பக்கமாக நடந்து கேட்டுக்கு வெளியே வந்துவிட வேண்டும். நீ இவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்து மயங்கிய சுத்தம் உன் அப்பன் செய்தது.

இன்னொன்றும் கேள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு யூனிஃபார்ம் என்ன நிறம் தெரியுமா? மணல் நிறம். கால்சட்டை, சட்டை, தொப்பி எல்லாம். தைத்து மொத்தமாக வந்த துணியை ஆளுக்கு ஏற்ற மாதிரி பிடித்துக் கொடுத்தது நான்தான், அப்போது ஏதோ அழகுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, மாடியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஆள் தெரியக்கூடாது. துண்டு தானாக மடிந்தது, குடை தானாக விரிந்தது என்று அவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வருகிறவனுக்கு ஆளில்லாத இடம் வேண்டும், அந்த ஆளில்லாத இடத்தை உண்டாக்க அறுபது ஆள் வேண்டும். இதைச் சொன்னால் உங்கப்பா, உனக்கு எதைப் பார்த்தாலும் குத்தம்தான் என்கிறார்.

நீ ரூம் போட்ட சேதியைக் கேட்டதும் மனிதர் எழுந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார், நிறைந்திருக்கிற தொட்டியை. பிறகு, அது வேற இடமா இருக்கும் என்றார். அப்புறம், முன்வாசல் வழியா நான் போனா வாட்ச்மேனே சிரிப்பான், வேலையும் போயிடும், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க என்றார். கடைசியில், பார்க்கில் வாத்துப் படகு இருக்கே, அதுல போகலாமே என்றார். மூன்று வருஷம் கழித்து மகள் வருகிறாள், அவளைக் கூட்டிக்கொண்டு போய் பிளாஸ்டிக் வாத்தின் வயிற்றில் உட்கார வைத்து மிதிக்கச் சொல்லவா என்று கேட்டேன். மறுபடியும் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார். உன் சித்தப்பாவிடம் சொல்லி அவரைக் கரைக்கலாம் என்று பார்த்தால் அவர் ஒரு தனிக் கதை. வேலி போட வந்த அன்று எல்லோருக்கும் முன்னால் போய் ஜேசிபிக்கு அடியில் படுத்தவர், தெருவில் இன்றைக்கும் அவரைக் கமிட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். உன் ஏற்பாட்டைச் சொன்னதும், அண்ணி, நீச்சல் குளமும் உண்டா, நானும் வரட்டுமா என்கிறார். படுத்த இடத்தில் குளம் வெட்டியிருக்கிறார்கள், போய் மறுபடியும் படுங்கள் என்றேன். நீயாவது அவர் கேட்டால் இடமில்லை என்று சொல்லிவிடு. உங்கப்பா வராவிட்டால் நானும் போவதில்லை என்றுதான் இருந்தேன். அவர் பெருக்கிவைத்த மணலில் அவர் இல்லாமல் நான் மட்டும் நடந்தால் அந்த விருந்தாளிகளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் போன வாரம் ஒன்று நடந்தது. யாரோ ஒரு விருந்தாளி சூரியன் எழுவதைப் பார்க்க, சூரியனுக்கும் முன்னால் எழுந்துவிட்டார். ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் உங்கப்பா. சீப்பில் பழைய மீன்வலை சிக்கிவிட்டது, இறங்கி உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஆள் நேரே மேனேஜரிடம் போய், ஆளில்லாத கடற்கரைன்னு சொல்லித்தானே வரச் சொன்னீங்க, அங்க ஒரு ஆள் இருக்காரே என்று புகார் சொல்லியிருக்கிறார். மேனேஜர் சின்னப் பையன், அவன் பேண்ட்டை வெட்டிச் சின்னதாக்கியது நான்தான், அவன் எவ்வளவு உயரம் என்பது எனக்குத் தெரியும். அவன் உங்கப்பாவைக் கூப்பிட்டு, டிராக்டர், கண்ணுல படாம வேலை செய்யறதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம் என்று சொல்லியிருக்கிறான். அங்கே இவரை எல்லோரும் டிராக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அம்மா அப்பா வைத்த பெயர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் டிவியைப் போடவில்லை. நான் பயந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சிரித்தார். ஒரு வருஷத்துல என்னை ஒருத்தர் ஆள்னு சொன்னது இதுதான்டி முதல் தடவை, அதுவும் புகாருல என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்க்கு வந்தபடி நான் திட்டிய திட்டெல்லாம் கடிதத்தில் எழுதத் தகுந்தவை இல்லை, நேரில் வா, சொல்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் கடைக்கு வந்தார். வருகிறவர் இல்லை, எனக்குச் சோறு வந்ததா என்றுகூட எட்டிப் பார்க்காதவர். ஒரு அம்மாவின் ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன், அவள் போகிறவரை சுவரில் இருக்கிற காலண்டரைப் படித்துக்கொண்டு நின்றார். அவள் போனதும் என் முன்னால் வந்து, அளவு கொடுக்க வருகிறவர்கள் நிற்பார்களே, அந்த மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். என்ன இது, பறக்கப் போறீங்களா என்றேன். சட்டை என்றார். எதுக்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் மனிதர் கையை இறக்கிவிட்டிருப்பார். டேப்பை எடுத்தேன். மார்பு குறைந்திருக்கிறது, அதை வயிறு ஈடுகட்டிவிட்டது. என்ன கலர் என்று மட்டும் கேட்டேன். மேல் மாடியில இருந்து பார்த்தாலும் தெரியணும் என்றார்.

ஆக, மனிதர் நம்மோடு வருகிறார். துணி எடுத்துவிட்டேன், பார்த்தால் கண் கூசுகிற ஆரஞ்சு. வேலை போகுமா என்றால் போகலாம், எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. போனால் ஸ்கூல் பஸ்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். உன் பெயரில் போட்ட ரூமை உங்கப்பாவின் முழுப் பெயருக்கு மாற்று, இனிஷியலோடு. வாசலில் அந்த மேனேஜர் அதைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க வேண்டும், பெயருக்குப் பின்னால் ‘சார்’ என்றும் சேர்த்து. இதை இவரிடம் மூச்சு விடாதே, தெரிந்தால் மறுபடியும் வாத்துப் படகுக்குப் போய்விடுவார். எனக்கென்று நீச்சல் உடை எதுவும் வாங்கி வந்துவிடாதே, என் உடம்புக்கு அதை ஆல்டர் செய்ய என்னாலேயே முடியாது. கிடங்கில் கையுறை இல்லாமல் வேலை செய்யாதே, உன் பாலைத் திருடிக் குடிக்கிற அறைத்தோழியிடம் சண்டை போடாதே, பாட்டிலில் உன் பெயரை எழுதி வை.

நல்ல உடம்போடும் குறையாத வாயோடும் வந்து சேர், உன்னை எந்தக் குறையும் தொடக்கூடாது. நாம் போகிற அன்றைக்கு உங்கப்பாவுக்குப் பதிலாக மணலைச் சீவ ஹோட்டலின் லாண்டரி வண்டி ஓட்டுகிறவர் வருவாராம், அவர் நாம் போவதற்கு முன்னாலேயே சீவிவிட்டுப் போய்விடுவார். பிறகு ஒரு நாள் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடலாம். நீ மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, உங்கப்பா பக்கத்தில் நன்றாக அழுத்தி நட.

முன்வாசலுக்குப் புதுப் புடவையை மடித்து வைத்திருக்கும்,
உன் அம்மா