ஒரு வருடம் கழித்துத் துக்கம் கேட்டவர்கள்

அன்பு மகள் ரலிட்சாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, இறங்கும்போது சமர்த்தாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் வலென்சியாவில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் அழுவாய், அதைக் கேட்டு நானும் போனை வைத்துவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ சொன்னாய் என்று இந்த ரூசே நகரத்துக்கு நான் வசந்தத்தில் வந்தேன், இப்போது பால்கனிக்குப் பால்கனி குடமிளகாய் சுடுகிறார்கள், தெரு முழுக்க அந்த வாசனை, அது ஒன்றுதான் நம் ஊர் மாதிரி. மற்றபடி லிஃப்டில் ஏறினால் எல்லோரும் கூரையில் ஏதோ எழுதியிருப்பதுபோல் அதையே பார்க்கிறார்கள். ஒரு நாள் ஒரு பெண்ணுக்கு வணக்கம் சொன்னேன், அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "எந்த மாடி ஐயா?" என்று கேட்டுப் பொத்தானை அழுத்திவிட்டாள். மாலையில் டான்யூப் கரையில் உட்காருகிறேன். எதிரே ருமேனியா. அங்கேயும் என்னைப்போல் ஒரு கிழவன் உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். இப்படி இருந்து இருந்து அலுத்துத்தான் போன மாதம் உன்னிடம், ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்றேன். "போன குளிர்காலத்துல சமையலறையில விழுந்து ராத்திரி பூரா கிடந்தீங்களே, மறந்துபோச்சா அப்பா?" என்று நீ அழுதாய். அம்மாவின் வருட நினைவு கழியட்டும், முடிவைச் சொல்கிறேன் என்றேன். அது போன செவ்வாய்க்கிழமை கழிந்தது.

ஊர்க் கல்லறையில் செய்ய வேண்டியதை மிலா சித்தி சனிக்கிழமையே செய்துவிட்டாள், இந்த முழங்காலோடு பஸ்ஸில் நான் போக முடியவில்லை. ஆனாலும் அன்றைக்கு நான் சும்மா இருப்பதா? செத்தவர்கள் பேரில் கொடுக்கிற கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் வால்நட்டும் கலந்தேன். எப்போதும் அம்மா செய்கிற வேலை, எனக்குக் குழைந்துபோயிற்று. அம்மாவின் படத்தோடு நினைவுத் தாள் அச்சடித்து வைத்திருந்தேன், நம் ஊரில் செய்வதுபோல் கட்டடத்து வாசல் கதவில் ஒட்டினேன். ஓராண்டு நினைவு என்று அதில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே யார் நின்று படிக்கிறார்கள்? படத்தையும் கறுப்புக் கட்டத்தையும் பார்த்தார்கள், அடியில் என் பேரைப் பார்த்தார்கள், இரண்டாம் மாடிக் கிழவனின் மனைவி செத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால் இந்தக் கட்டடத்தின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிற ஸ்லாத்கா, கையில் துக்கத்துக்குக் கொடுக்கிற மாதிரி இரட்டைப்படையில் வெள்ளைப் பூ, பின்னால் நாலாம் மாடி டாக்ஸிக்காரர் போய்கோ, அவருக்கும் பின்னால் அந்த லிஃப்ட் பெண், கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சாத் தட்டு. ஸ்லாத்கா வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். "ஏன் பெரியவரே, வீட்டுல உடம்பு சரியில்லாத மனுஷி இருக்கறதையும் சொல்லல, சவத்தை எடுத்ததையும் சொல்லல, அவ்வளவு ஆகாதவங்களா நாங்க?" என்று ஒரே பிடி. எனக்கு நாக்கு குழறிவிட்டது. "இல்லம்மா, அவ சாகல. அதாவது செத்துட்டா, ஆனா இப்ப இல்ல" என்றேன். போய்கோ என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விவரம் சொன்னேன், போன வருடமே போய்விட்டாள், இந்த ஊரை அவள் பார்த்ததே இல்லை, உங்களுக்கு வீண் அலைச்சல், மன்னியுங்கள், தாளைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். அதற்கு ஸ்லாத்கா, "எதுக்குக் கிழிக்கணும்? உங்களுக்குத்தான் ஒரு வருஷம் ஆச்சு, எங்களுக்கு இன்னிக்குத்தானே தெரியும்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

ஆளுக்கொரு கரண்டி கோதுமை எடுத்து, கடவுள் அவளை மன்னிக்கட்டும் என்று முறைப்படி சொன்னார்கள். போய்கோ மட்டும், "கொஞ்சம் குழைஞ்சுதான் போச்சு, செஞ்ச ஆளையும் சேர்த்தே மன்னிக்கட்டும்" என்றார். அப்போது அந்தப் பெண் கேட்டாள், "ஐயா, அவங்க எப்படிப்பட்டவங்க?"

மகளே, இந்த ஒரு வருடத்தில் என்னிடம் இதை யாருமே கேட்கவில்லை. ஊரில் ஆறாம் மாத நினைவுக்கு எத்தனை பேர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, எல்லோருக்கும் அவளைத் தெரியும், தெரிந்தவளைப் பற்றி என்ன கேட்பது? இவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. நான் சொன்னேன். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள், யாராவது ஓடி வருவது தெரிந்தால் ஜன்னலை மூடாமல் நிலைய அதிகாரியோடு சண்டை போட்டே ரயிலை நிறுத்தி வைப்பாள் என்றேன். சீட்டு ஆடினால் ஏப்ரனுக்குள் சீட்டை ஒளித்து வைப்பாள், பிடித்தால் என்னைத்தான் கள்ளன் என்பாள் என்றேன். ஸ்லாத்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. நடுவில் எனக்கு அழுகை வந்தது, அழாதீங்க என்று அவள் சொல்லவில்லை, பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து நீட்டினாள். இருட்டும்வரை பேசினேன், பானிட்சாத் தட்டு காலியாயிற்று.

அதனால் நான் இங்கேயே இருக்கிறேன், நீ நிம்மதியாகத் தூங்கு. கடவுள் உனக்கும் பிள்ளைக்கும் நல்ல உடம்பும் மாப்பிள்ளைக்கு நிலையான வேலையும் கொடுக்கட்டும். சின்னவளுக்குக் காலில் கம்பளி உறை போடாமல் வெளியே விடாதே, உங்கள் ஊர் வெயிலை நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. கூப்பிட்டால் என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே, இங்கே மழையா என்றும் கேட்காதே. எனக்கு வலிக்கும் என்று நீ அம்மா பேச்சையே எடுப்பதில்லை, அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததையெல்லாம் அன்றைக்கே சொல்லித் தீர்த்துவிட்டேன் கண்ணே. நீயும் அவளும் மட்டும் இருந்தபோது நடந்தது எவ்வளவோ இருக்கும், அதில் ஒன்றை எனக்குச் சொல்.

உன் அப்பா,
ஸ்தாமென்